பனி பூட்ஸ் பத்தாயிரம்!

1

டெலிபோன் அலறியது.

செல்வின் எடுக்கவில்லை.

இரண்டு... மூன்று... நான்கு...

திருவனந்தபுரம் ஆரியசாலையில், சூடாமணி கயிற்று மண்டியின் மாடியில், பத்துக்கு எட்டு அறையில் 'செல்வின் துப்பறியும் நிலையம்' நடக்கிறது. நடக்கிறது என்பது ஒரு மரியாதைக்குச் சொன்னது. ஆரம்பித்து மூன்று வருஷம். வந்த கேஸ்கள் ஏழு. அதில் நான்கு காணாமல் போன பூனைகள். ஒன்று, செல்வினே பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த குடை.

வயது ஐம்பத்தேழு. மார்த்தாண்டத்துக்காரர். ஹெர்னியா உண்டு. ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. கேஸ்களும் அந்த எடைக்குள்தான் வந்துகொண்டிருந்தன.

ஐந்து... ஆறு...

பெரிய துப்பறிவாளர்கள் போனை உடனே எடுக்கமாட்டார்கள் என்பது அவருடைய கொள்கை. ஒன்பதாவது மணியில்தான் எடுப்பார். அப்போதுதான் ஆள் பிஸி என்று எதிர்முனை நம்புமாம். போன வாரம் மூன்று தடவை மணி அடித்தது. மூன்று தடவையும் ஏழாவது மணியோடு நின்றுவிட்டது. இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பொறுமையே இல்லை என்று செல்வின் அலுத்துக்கொண்டார்.

ஏழு... எட்டு...

ஒன்பது!

"செல்வின் சாரா?" பெண் குரல். அழுது ஓய்ந்த குரல்.

"ஆமா. சொல்லுங்க."

"எனக்க பேரு லீலாபாய். எனக்க மோன் ஷிஜுக்க அப்பா மெடிக்கல் காலேஜில போதமில்லாம கெடக்காரு. மண்டையில அடி. அவருக்க சட்டைப் பாக்கெட்டில ஒரு துண்டுப் பேப்பர் இருந்துது. அதில ஒங்க பேரும் இந்த நம்பரும் எழுதியிருக்கு."

செல்வினுக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தப் பெண்ணின் கஷ்டத்தை நினைத்து அல்ல. உண்மையைச் சொல்லிவிடுவோம். அடிபட்டு விழுந்த ஒருவரின் பாக்கெட்டில் தன் பெயர்! புகழ் அவ்வளவு தூரம் போயிருக்கிறதே என்ற சிலிர்ப்புதான் அது.

"உடனே வாங்க தங்கச்சி," என்றார், குரலைக் கனமாக்கிக்கொண்டு.

2

லீலாபாய் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள். நாற்பத்தைந்து வயது. மூன்று நாள் தூங்காத கண்கள்.

உட்காரச் சொன்னார். அந்த அறையில் கட்சிக்காரர்களுக்கான நாற்காலி போன மாதம் கால் உடைந்து போயிருந்தது. வீட்டுக்காரரும் கீழே மண்டி வைத்திருப்பவருமான சூடாமணி, பெரிய மனசு பண்ணி, தடித்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கொடுத்திருந்தார். செல்வின் அதற்குள் பழைய பேப்பரைத் திணித்து, மேலே ஒரு மெத்தையைப் போட்டு ஆசனமாக்கியிருந்தார். பெட்டியின் பக்கவாட்டில் கறுப்பு மையில் ஏதோ எழுத்தும் நம்பரும் இருந்தன.

வாசகர்கள் அந்தப் பெட்டியைக் கவனித்து வைத்துக்கொள்ளவும். செல்வின் கவனிக்கவில்லை.

லீலாபாய் சொன்ன விஷயம் இது. அவள் கணவர் வேலாயுதன், கரமனை தாண்டி இருக்கும் ஒன்பதாம் நம்பர் ராணுவக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். சனிக்கிழமை மத்தியானம் கிடங்குக்குள்ளே, சரிந்து விழுந்த பெட்டிகளுக்கு அடியில் அவரைக் கண்டெடுத்தார்கள். மேல் அடுக்கிலிருந்து பெட்டியைத் திருட இழுத்தார், அடுக்கு சரிந்து தலையில் விழுந்தது என்பது கிடங்கின் ரிப்போர்ட். இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருக்கிறார். வியாழக்கிழமை கிடங்கில் விசாரணை. திருடன் என்று எழுதிவிட்டால் வேலை போகும், பென்ஷன் போகும், மானம் போகும்.

"திருடினதா சொல்றது என்ன சாதனம்?"

"பனி பூட்ஸ்."

செல்வின் பேனாவைக் கீழே வைத்தார். "பனி பூட்ஸா? இந்த ஊர்லயா?"

"ஓ. ஐஸில நடக்கதுக்கு உள்ளது. பத்தாயிரம் ஜோடி கெடக்கு. எல்லா வருஷமும் மார்ச் முடியதுக்கு முன்ன வாங்குவாங்க. போன வருஷம் வாங்கினதில பத்து சதமானம் கூட்டி எழுதணும், அதாக்கும் அங்கத்தே வழக்கம். கொறச்சு எழுதினா, ஒங்களுக்கு இவ்வளவு வேண்டாமேன்னு டெல்லியில மொத்தத்தையும் வெட்டிருவாங்களாம்."

"யாராவது அதைப் போடுறாங்களா?"

"இங்க ஆரு போடுவா சாரே? மழையில கூட செருப்பைக் கையில தூக்கிட்டு நடக்குத ஊராக்கும் இது."

சொல்லிவிட்டு இரண்டு விரலை உயர்த்திக் காட்டினாள்.

"எனக்க மோன் ஷிஜு பட்டாளத்தில இருக்கான். வடக்க, ஐஸ் மலையில. பூட்ஸ் கிழிஞ்சு, கூடார நூல் வச்சுத் தச்சுப் போட்டிருக்கான். நவம்பர்ல காலு விறைச்சுப் போச்சு. ரெண்டு விரலை எடுத்தாச்சு. அங்க அவனுக்கு இல்ல. இங்க வேர்த்து ஒழுகுத ஊரில பத்தாயிரம். அவருக்கு அது தாங்கல்ல."

செல்வினுக்கு மறுபடியும் உடம்பு சிலிர்த்தது. இந்தத் தடவை நிஜமாகவே அவளுக்காகத்தான்.

வேலாயுதன் மேலிடத்துக்கு எழுதினாராம். இருக்கிற பூட்ஸை மலைக்கு அனுப்புங்கள், இனிமேல் வாங்குகிற பட்டியலில் அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள் என்று. பதில் வந்தது. அனுப்புவது இந்தக் கிடங்கின் வேலை அல்ல. வரியை அடிப்பதென்றால், முதன்முதலில் அந்தப் பொருளைக் கேட்டு எழுதியவர் எவரோ, அவரே இனித் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். ரூல் அப்படி.

"அந்த ஆளுக்க ஒப்பு வேணும்னு பழைய ஃபைலெல்லாம் தேடிட்டு நடந்தாரு. ஆளு கிட்டியாச்சுன்னும் சொன்னாரு. பேரு சொல்லல்ல. அதுக்குள்ள..."

செல்வின் மேஜையை ஓங்கித் தட்டினார். மேஜை ஆடியது.

"தங்கச்சி, அந்த ஆள்தான் இந்தக் கேஸில முதல் குற்றவாளி. திருவனந்தபுரத்துக்குப் பனி பூட்ஸ் கேட்டு எழுதின அந்த மடையன் யாருன்னு நான் கண்டுபிடிக்காம விடமாட்டேன். ஒங்க வீட்டுக்காரர் அதுக்குத்தான் என்னைத் தேடியிருக்காரு."

நோட்டில் பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார். 'மடையன் யார்?'

3

மறுநாள் காலை, கறுப்புக் கண்ணாடி, டை சகிதம் செல்வின் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினார்.

ஊரில் எல்லோரிடமும் 'மிலிட்டரியில இருந்தேன்' என்றுதான் சொல்லிக்கொள்வார். இருந்தது உண்மைதான். ஆனால் துப்பாக்கியைத் தொட்டதில்லை. அவரும் ஸ்டோர்கீப்பர்தான். இதே கிடங்கில்கூட எண்பதுகளில் இரண்டு வருஷம் நாற்காலியைத் தேய்த்திருக்கிறார். பிறகு மாற்றல், மாற்றல், ரிட்டயர்மெண்ட். சண்டை எதிலும் அடிபடவில்லை. ஒரு தடவை ஸ்டேப்ளர் விரலில் குத்தியது.

ஸ்டோர்ஸ் ஆபீசர் அழகியநம்பி வாசலுக்கே வந்து வரவேற்றார். ஒல்லியான மனிதர். வாட்ச் கழன்று விழாமல் இருக்க வாரில் நான்கு ஓட்டை கூடுதலாகப் போட்டிருந்தார்.

"வாங்க சார். நீங்க நம்ம பழைய ஆளாச்சே. உங்க கையெழுத்து இந்த ஆபீஸ்ல இன்னமும் உயிரோட இருக்கு."

செல்வின் உருகிப்போனார். எவ்வளவு பண்பான மனிதர் என்று நினைத்துக்கொண்டார்.

கிடங்கு தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்தது. முன் வரிசையில் ஒரு பெட்டி திறந்திருந்தது. உள்ளே கொழுத்த பூட்ஸ்கள், பாச்சை உருண்டை வாசனை. அதற்குப் பின்னால் கூரை வரைக்கும் பெட்டிகள். எல்லாம் இரும்புப் பட்டை அடித்து சீல் வைத்தவை. வருஷாவருஷம் கணக்கெடுக்க வருகிறவர்கள் பெட்டியைத்தான் எண்ணுவார்களாம். திறக்கமாட்டார்கள். திறந்தால் அது பழைய சரக்கு ஆகிவிடும். பழைய சரக்கு ஆனால் ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஏழு பேரைத் தேடுவதைவிட எண்ணிவிட்டுப் போவது சுலபம்.

பின் வரிசையில் அந்த இடம் இருந்தது. தரையில் பதினொரு பெட்டிகள் தாறுமாறாகக் கிடந்தன. சிமெண்டில் ஒரு கறை.

"சத்தம் கேட்டு நான்தான் ஓடி வந்தேன்," என்றார் அழகியநம்பி. "ஆளே தெரியலை, பெட்டிதான் தெரிஞ்சது. பதினொண்ணையும் ஒத்தையா இழுத்துத் தள்ளி அவரை வெளியே எடுத்தேன். ஒண்ணொண்ணும் நாப்பத்திரண்டு கிலோ சார். அந்த நேரத்துல எங்கிருந்துதான் பலம் வந்ததோ."

எந்தத் துப்பறிவாளனும் இந்த இடத்தில் அந்த ஒல்லி மணிக்கட்டைப் பார்த்திருப்பான்.

செல்வின் அதைப் பிடித்துக் குலுக்கினார். நோட்டில் 'வீரச் செயல்' என்று எழுதினார்.

பிறகு, யோசிக்கிறவர்கள் எதிலாவது சாய்ந்துகொண்டு யோசித்தால்தான் எடுப்பாக இருக்கும் என்பதால், பக்கத்து அடுக்கில் முழங்கையை ஊன்றி ஒயிலாகச் சாய்ந்தார்.

அடுக்கு நகர்ந்தது.

மேலே ஏதோ கிரீச்சிட்டது...

செல்வின் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அத்தனை பெட்டியும் அவர் தலையில் வந்து இறங்கின!

"பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே..."

ஜெபம் பாதியில் நின்றது. இருட்டு. தூசி. ஒரு தும்மல்.

செல்வின் எழுந்து நின்றார். தலையைத் தடவினார். இருந்தது. கை, கால், ஹெர்னியா எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. டை மட்டும் முதுகுப் பக்கம் போயிருந்தது. சுற்றிலும் எட்டுப் பெட்டிகள்.

அழகியநம்பியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. பாவம், நமக்காக எப்படிப் பயந்துவிட்டார் என்று செல்வின் நெகிழ்ந்தார். அவர் அவசரமாக இவரைத் தோளைப் பிடித்து வெளியே அழைத்துவந்து, ஆட்டோ பிடித்து, வண்டி முக்குத் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார். ஓர் ஆபீசர் இவ்வளவு அக்கறை காட்டி செல்வின் பார்த்ததில்லை.

4

நேராக மெடிக்கல் காலேஜுக்குப் போனார். வேலாயுதன் தலையில் கட்டோடு அசையாமல் கிடந்தார். லீலாபாயிடம் செல்வின் தனக்கு நடந்த அற்புதத்தை விவரித்தார். எட்டுப் பெட்டி, ஒவ்வொன்றும் நாற்பத்திரண்டு கிலோ, கீறல்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லப்போவதாகவும் சொன்னார்.

லீலாபாய் முழுக்கக் கேட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"பதினொண்ணு பெட்டி விழுந்து ஷிஜுக்க அப்பாக்க மண்டை ஒடஞ்சுது. எட்டுப் பெட்டி விழுந்து ஒங்களுக்கு டைதான் திரும்பிச்சு. அது எப்படி சாரே?"

செல்வின் விரல் விட்டு எண்ணினார்.

கணக்கு அவருக்குள் மெள்ள இறங்கியது. எட்டை நாற்பத்திரண்டால் பெருக்கினால் முந்நூற்று முப்பத்தாறு கிலோ. அவர் இந்நேரம் பக்கத்துக் கட்டிலில்கூட அல்ல, அதற்கும் கீழே ஒரு மாடியில், ஐஸ் பெட்டியில் இருந்திருக்க வேண்டும்.

"காலி..." என்றார். "பெட்டியெல்லாம் காலி!"

"டாக்டரும் சொன்னாரு. அடி ஒண்ணே ஒண்ணு, இரும்புக் கம்பி மாதிரி எதோ பட்டதுன்னு. நான் போலீஸில சொன்னேன். பெட்டிக்க பட்டையா இருக்கும்னு எழுதிட்டுப் போயாச்சு."

கட்சிக்காரியே கேஸைக் கண்டுபிடித்துத் துப்பறிவாளருக்குச் சொல்லிவிட்ட சரித்திரம் ஆரியசாலையில் இதுவே முதல் தடவை. செல்வின் நோட்டைத் திறந்து 'வீரச் செயல்' என்பதை அடித்தார்.

காலிப் பெட்டியை நாற்பத்திரண்டு கிலோ என்று சொன்ன அழகியநம்பிதான் அடித்திருக்கிறான். சரி. காலிப் பெட்டியைப் பூட்ஸ் என்று அனுப்பியது யார்? பில்லில் ஏதோ கம்பெனிப் பெயர் இருக்கும், தபால் பெட்டி நம்பர் இருக்கும். ஆளைப் பிடிக்க ஒரு நாள் போதுமா?

குழம்பியபடி அறைக்குத் திரும்பினார். விளக்கைப் போட்டார். மெத்தை சரிந்து, கட்சிக்காரர் ஆசனம் முழுசாகத் தெரிந்தது.

பக்கவாட்டில் கறுப்பு மை எழுத்து.

முதல் தடவையாகச் செல்வின் அதைப் படித்தார். 'பூட்ஸ், பனி. 2001 லாட். பெட்டி 41. எடை 42 கிலோ.'

ஒரு மாதமாக அவருடைய தடயம் அவருடைய அறையிலேயே இருந்திருக்கிறது. அதன்மேல் பூனையைத் தொலைத்தவர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கீழே போனார். மண்டியில் கயிற்றுச் சுருள்களுக்குப் பின்னால் மடித்து வைத்த அட்டைகள், அதே கறுப்பு மை. சூடாமணி வாடிக்கையாளருடன் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆசனப் பெட்டி ரொம்ப உறுதி, எங்கே கிடைத்தது என்று செல்வின் வெள்ளந்தியாக விசாரித்தார்.

"ஒரு ஆர்டர்ல மிஞ்சினது அண்ணாச்சி. ஒரு ஓரம் நசுங்கிட்டு, அதனால வேற பெட்டி போட்டு அனுப்பிட்டேன். அதுக்காக நல்ல அட்டையைத் தூக்கிப் போட முடியுமா?"

முடியாது. ஆரியசாலையில் எந்த வியாபாரியும் நல்ல அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டதில்லை. லட்சக்கணக்கில் அரசாங்கத்தை ஏமாற்றிய சூடாமணிக்கு, நசுங்கிய ஒரு பெட்டியைக் குப்பையில் போட மனசு வரவில்லை.

5

வியாழக்கிழமை. பதினோரு மணி. கிடங்கின் நடுவில் மேஜை போட்டு விசாரணை.

தலைமை, கிடங்கின் கமாண்டண்ட். ஒரு கர்னல். பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஆறு மாதம் முன்னால்தான் இங்கே வந்தவர். ஆளுக்கு நியாயமும் உண்டு, அவசரமும் உண்டு. மார்ச் மாதக் கடைசியில் எந்த ஆபீசருக்கும் அவசரம்தான்.

லீலாபாய் ஓர் ஓரத்தில் நின்றாள். செல்வின் எழுந்தார். டையை இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டார். நாலு பூனை கேஸ் பார்த்தவர், தோளில் நட்சத்திரம் போட்டவர்களுக்கு முன்னால் பேசுவதென்றால் சும்மாவா?

"சார், ஆபீசர் அழகியநம்பி ஒத்தை ஆளா பதினொரு பெட்டியைத் தூக்கினதா சொல்றாரு. நான் ஹெர்னியாக்காரன். அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கினா செத்துருவேன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு."

சீட்டைக் காட்டினார். பின் வரிசைக்குப் போனார். சீல் வைத்த பெட்டி ஒன்றை இடது கையால் எடுத்து, தலைக்கு மேலே தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

கிடங்கு ஸ்தம்பித்தது.

கமாண்டண்ட் எழுந்து வந்து தானே ஒரு பட்டையை வெட்டினார். காலி. இன்னொன்று. காலி. இன்னொன்று... அதில் மட்டும் ஒரு செத்த கரப்பான் இருந்தது.

செல்வின் கைதட்டலை எதிர்பார்த்தார். ஆனால் அழகியநம்பி அசராமல் எழுந்தார்.

"இதைத்தான் சார் நானும் சொல்றேன். அத்தனையும் அந்த வேலாயுதன் கொஞ்சம் கொஞ்சமா திருடி வித்திருக்கான். இப்ப கண் முன்னாடி தெரிஞ்சிருச்சே."

கமாண்டண்ட் மெள்ளத் தலையை ஆட்டினார்.

செல்வினுக்கு வேர்த்தது. இப்படி ஒரு பதில் இருக்கும் என்று அவர் யோசிக்கவே இல்லை. மாட்டிவிட வந்த இடத்தில், வேலாயுதனின் கழுத்தில் சுருக்கை இறுக்கிவிட்டோமா?

பின்னாலிருந்து லீலாபாய் அவருடைய சட்டையை இழுத்தாள்.

"சாரே... ஆட்டோவில நான் அன்னைக்கு உக்காந்த இருப்பிடம் கெடக்குல்லா?"

அட! அந்தப் பெட்டி!

கொண்டுவந்து மேஜையில் வைத்தார்கள். 2001 லாட், பெட்டி 41. செல்வின் ரெஜிஸ்டரைப் படிக்கச் சொன்னார். 2001 லாட், ஐம்பத்தாறு பெட்டி, பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி பூட்ஸுடன் முழுசாக வந்து சேர்ந்தது, எடை போட்டுப் பார்த்தது. பார்த்தவர் கையெழுத்து: அழகியநம்பி.

"நாப்பத்தொண்ணாம் நம்பர் பெட்டி கிடங்குலயும் இருக்கு, என் ரூம்லயும் இருக்கு," என்றார் செல்வின். "வேலாயுதன் திருடினதுன்னா இதுல பட்டை அடிச்ச தடம் இருக்கணும். இல்ல. இது இந்த கேட்டுக்குள்ள வந்ததே இல்ல. இதே அட்டை இன்னும் முப்பது, ஆரியசாலையில சூடாமணி மண்டியில மடிச்சுக் கிடக்கு. அப்புறம், காலிப் பெட்டி விழுந்து மண்டை உடையாது சார். நேத்து முந்தினநாள் நானே என் மண்டையில போட்டுப் பார்த்துட்டேன்."

ஏதோ திட்டமிட்டுச் செய்த பரிசோதனை மாதிரி அதைச் சொன்னார். லீலாபாய் காட்டிக்கொடுக்கவில்லை.

மூன்று மணிக்குப் போலீஸ் சூடாமணியைக் கொண்டுவந்தது. அவர் முதலில் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மடித்த அட்டைகளை ஜீப்பிலிருந்து இறக்கியதும் அழகியநம்பியைக் கை காட்டினார். அழகியநம்பி அவரைக் கை காட்டினார். பிறகு எல்லாம் வந்தது. ஒன்பது வருஷமாக வந்தது வெறும் பெட்டிதான்; அதற்கு முந்தைய பூட்ஸையும் பன்னிரண்டு பெட்டி தவிர விற்றுத் தீர்த்துவிட்டார்கள். சனிக்கிழமை வேலாயுதன், மலைக்கு அனுப்பும் முன் ஒரு ஜோடியைப் பார்க்கலாம் என்று பட்டையை வெட்டியிருக்கிறார். காலியாக இருந்ததும் நேராக மேலதிகாரி அழகியநம்பியிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். மேலதிகாரி கடப்பாரையோடு வந்தார்.

கமாண்டண்ட் வேலாயுதனின் பெயரைக் குற்றச்சாட்டிலிருந்து அப்போதே நீக்கினார். முன் வரிசையில் நிஜமான பூட்ஸ் இருந்த பன்னிரண்டு பெட்டிகளையும் அடுத்த ரயிலில் வடக்கே ஏற்றச் சொன்னார். லீலாபாய் அந்தப் பெட்டிகளில் ஒன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

6

வெள்ளிக்கிழமை காலை. வேலாயுதன் கண்ணைத் திறந்துவிட்டார்.

செல்வின் ஆரஞ்சுப் பழத்தோடு போனார். கான்ஸ்டபிளின் நாற்காலி காலியாக இருந்தது. அதை இழுத்துப் போட்டுக் கம்பீரமாக உட்கார்ந்தார்.

வேலாயுதன் அவரையே உற்றுப் பார்த்தார். உதடு அசைந்தது.

"நீங்களா... செல்வின்?"

"நானேதான்."

"ஒங்களைத்தான் தேடிட்டு நடந்தேன். மூணு மட்டம் போன்ல விளிச்சேன். எடுக்கல்ல."

"நம்ம பேரு ஒங்க வரைக்கும் எட்டியிருக்கே," என்றார் செல்வின், அடக்கத்தோடு. "எந்தக் கேஸைப் பாத்துக் கேள்விப்பட்டீங்க?"

வேலாயுதனுக்குப் புரியவில்லை. மனைவியைப் பார்த்துக் கையைக் காட்டினார். லீலாபாய் அவருடைய பழைய பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். ஜெராக்ஸ் காப்பி.

1983, மார்ச் முப்பது. 'பூட்ஸ், பனி. இருநூறு ஜோடி. காரணம்: அவசியம்.'

கீழே கையெழுத்து. ஜே. செல்வின், ஸ்டோர்கீப்பர்.

அவருடைய கையெழுத்துதான்.

ஞாபகம் வந்துவிட்டது. மறுநாள் ஈஸ்டர் வாரத்துப் பெரிய வியாழன். மார்த்தாண்டம் பஸ்ஸுக்கு இருபது நிமிஷம். அப்போதைய ஆபீசர் ஓடிவந்து, கொஞ்சம் பணம் மிஞ்சிவிட்டது, எதையாவது எழுதும் ஓய் என்றார். செல்வின் சாமான் பட்டியலைப் புரட்டினார். கட்டைவிரல் எந்த வரியில் நின்றதோ அதை எழுதினார். என்ன எழுதினோம் என்றுகூடப் படிக்கவில்லை. பஸ்ஸைப் பிடித்துவிட்டார். ஜன்னல் சீட்டும் கிடைத்தது.

அந்த இருநூறு வருஷத்துக்குப் பத்து சதவீதமாக வளர்ந்து பத்தாயிரம் ஆகிவிட்டது. உங்கள் கையெழுத்து உயிரோடு இருக்கிறது என்று அழகியநம்பி சொன்னது புகழ்ச்சி அல்ல.

"ஒரே ஒரு ஒப்பு," என்றார் வேலாயுதன், மூச்சு வாங்கியபடி. "தேவையில்லைன்னு நீங்க எழுதினா அந்த லைனை வெட்டலாம். அதுக்காக்கும் விளிச்சது. நீங்க எடுக்கல்ல. செரி, ஒப்பு கிட்டுறது வரை இருக்குத பூட்ஸை அனுப்புவோம்னு... போய்ப் பெட்டியைத் தொறந்தேன்."

ஏழாவது மணியில் நின்ற மூன்று போன்கள். ஒன்றை எடுத்திருந்தால் இந்த மனிதர் அன்றைக்கு அந்தப் பட்டையை வெட்டப் போயிருக்கமாட்டார்.

செல்வினுக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டே அழுதார்.

"மடையன் யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன் தங்கச்சி," என்றார்.

லீலாபாய் திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அவள், வேலாயுதன் தயாராக வைத்திருந்த 'தேவையில்லை' காகிதத்தை நீட்டி, பேனாவின் மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். "படிச்சுப் பாத்து எழுதணும், கேட்டேளா," என்று மட்டும் சொன்னாள்.

செல்வின் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு அரசாங்கக் காகிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் மூன்று தடவை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். பதினெட்டு வருஷம் ஓடிய வரி நின்றது.

7

அன்று சாயங்காலம். ஆரியசாலை. கீழே மண்டிக்குப் போலீஸ் பூட்டு.

டெலிபோன் அலறியது.

முதல் மணியிலேயே செல்வின் பாய்ந்து எடுத்தார்.

"மிஸ்டர் செல்வின், கமாண்டண்ட் பேசறேன்." குரலில் பதற்றம். "உங்க லெட்டர் வந்தது. அந்த லைனை வெட்டியாச்சு. இந்த வருஷ பில்லையும் நிறுத்தியாச்சு. இப்ப என் கையில முப்பத்து மூணு லட்சம் மிஞ்சி நிக்குது. நாளைக்கு முப்பத்தொண்ணு. அதுக்குள்ள எதையாவது வாங்கியாகணும். என்ன வாங்கலாம்? உங்களுக்கு இதுல முன் அனுபவம் உண்டுன்னு கேள்விப்பட்டேன்."

செல்வின் கண்ணை மூடிக்கொண்டார். ஷிஜுவின் இரண்டு விரல் தெரிந்தது. பஸ்ஸின் ஜன்னல் சீட்டும் தெரிந்தது.

"ஒண்ணும் வாங்காதீங்க சார். டெல்லிக்குத் திருப்பி அனுப்பிடுங்க."

அந்தக் கிடங்கின் சரித்திரத்தில் அந்த வார்த்தையை யாரும் உச்சரித்ததில்லை. எதிர்முனையில் அலமாரி திறக்கும் சத்தம். காகிதங்களைப் புரட்டும் சத்தம். யாரையோ கூப்பிட்டுக் கேட்கும் சத்தம்.

கடைசியில் கமாண்டண்ட் பரிதாபமாகச் சொன்னார்.

"பணம் கேக்கறதுக்கு நாப்பது வகை ஃபாரம் இருக்கு. திருப்பி அனுப்பறதுக்கு ஒண்ணுகூட இல்லையே மிஸ்டர் செல்வின்..."

"அப்ப அச்சடிச்சிருங்க சார்," என்றார் செல்வின். "ஆனா உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்... ஒண்ணே ஒண்ணு போதும். அம்பதாயிரமா அச்சடிச்சுராதீங்க!"